வேன் வாசனை

ஒரு பொருள் பிடிக்கவில்லை என்று சொல்ல ஒரு மனுஷிக்கு எவ்வளவு நேரம் ஆகும்? முன்பு என்னைக் கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன். வாயைத் திறந்தால் சொல்லிவிடலாம், இதில் நேரம் எங்கே வந்தது என்றுகூடக் கேட்டிருப்பேன். சரிக்காவின் கதை தெரிந்த பிறகு அப்படிக் கேட்க மாட்டேன்.

சரிக்கா என்பது அவள் பெயர் இல்லை. பெரிய சலவைக்கூடம் ஒன்றில் அவள் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்பு, தலையணை உறை, மேசைத் துணி எல்லாம் மலைபோல் குவிந்து கிடக்கும். நீளமான மேசைக்குப் பின்னால் நின்றபடி நாள் முழுக்கத் தேய்க்க வேண்டும். யார் வந்து எந்தக் குவியலை இறக்கிவைத்தாலும் அவள் சொல்வது ஒன்றுதான்: "சரிக்கா." மேசையை மாற்றச் சொன்னாலும் "சரிக்கா." சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போடச் சொன்னாலும் "சரிக்கா." மேற்பார்வை பார்க்கிற மனிதரிடம்கூட ஒரு முறை வாய் தவறி "சரிக்கா" என்று சொல்லிவிட்டாள். அவர் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அவளுடைய அம்மா அப்பா வைத்த பெயரே அதுதான் என்று நினைத்தார்கள்.

அவளுக்குக் கோபம் வராது என்றில்லை. வந்தால் விரிப்பின் ஓரத்தை இன்னும் அழுத்தித் தேய்ப்பாள். அவ்வளவுதான்.

முதல் குழந்தை பெண். அந்தப் பிரசவம் பெரிய ஆஸ்பத்திரியில் நடந்தது. யாரும் அவளை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. ஆனால் யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. படு என்றார்கள், படுத்தாள். திரும்பு என்றார்கள், திரும்பினாள். அவசரம் என்று யாரோ யாரிடமோ சொல்லிக்கொண்டே போனார்கள். கட்டிலோடு தள்ளிக்கொண்டுபோய் ஒரு தாழ்வாரத்தில் விட்டுவிட்டு இன்னொரு அவசரத்துக்கு ஓடினார்கள். அங்கே கிடந்தபோது, தான் செத்துப்போனால் அதைக்கூட யாரும் தன்னிடம் சொல்ல மாட்டார்கள் என்று தோன்றியதாம். பிறகு எல்லாம் நல்லபடியாக முடிந்தது. குழந்தையும் கொழுகொழுவென்று இருந்தது. அதனால் அந்தத் தாழ்வாரத்தைப் பற்றி அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. நல்லபடியாக முடிந்த பிறகு குறை சொன்னால் நன்றாகவா இருக்கும்?

இரண்டாவது முறை உண்டானபோது ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தாள். அதையும் வாயால் சொல்லவில்லை. கணவன் பெரிய ஆஸ்பத்திரிப் பக்கம் வண்டியைத் திருப்பினால் அவள் இறங்காமல் உட்கார்ந்திருப்பாள். அப்படி மூன்றாவது தடவை உட்கார்ந்தபோது அவனுக்குப் புரிந்தது.

அவன் பார்சல் வேன் ஓட்டுபவன். தங்கமான மனிதன், ஆனால் ஒரு வேலையைக் கையில் எடுத்தால் அதை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவான். இருக்கிற இடமெல்லாம் விசாரித்து, பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் ஒரு சின்னப் பிரசவ நிலையத்தைக் கண்டுபிடித்தான். இரண்டு அறைகள். ஒரு டாக்டர், அழைத்தால் வருவார். பிரசவத்தை முன்னின்று பார்ப்பது ஒரு நர்ஸ். கண்ணாடி போட்ட, வேகமாகப் பேசுகிற, சின்ன வயதுப் பெண். இயற்கையாகப் பிரசவம் ஆவதற்கு என்னென்ன ஆறுதல் தர முடியுமோ அத்தனையும் தருவது அவருடைய வழக்கம். வெந்நீர், மேலே உட்கார்ந்து இடுப்பை ஆட்ட ஒரு பெரிய பந்து, முதுகு நீவுதல், அதோடு வாசனை எண்ணெய். இதற்கென்று தனியாகப் படித்துச் சான்றிதழும் வாங்கியிருந்தார். சின்னச் சின்னக் குப்பிகள் அடுக்கிய ஒரு மரப்பெட்டியை அவர் தூக்கிக்கொண்டு நடப்பதைப் பார்த்தால் நகைக்கடைக்காரர் மாதிரி இருக்கும்.

"இது வலியைப் போக்காது," என்று முதல் நாளே சொல்லிவிட்டார் நர்ஸ். "அப்படி யாராவது சொன்னா நம்பாதீங்க. மனசைக் கொஞ்சம் ஆத்தும், அவ்ளோதான். ஆனா அதுக்கு உடம்பை முன்னாடியே பழக்கணும். தினமும் நீங்க ஓய்வா உட்கார்ற நேரத்துல இந்த லாவெண்டர் எண்ணெய்ல ஒரு சொட்டை ஒரு துணியில விட்டுப் பக்கத்துல வெச்சுக்குங்க. கடைசி ரெண்டு மாசம் செஞ்சாப் போதும். அப்புறம் வலி வர்ற அன்னிக்கு அதே வாசனை வந்தா, 'ஓ, இது ஓய்வு நேரம்'னு உடம்பு தானா நினைச்சுக்கும். புரிஞ்சுதா?"

"சரிக்கா," என்றாள் சரிக்கா.

"இந்த வாசனை பிடிச்சிருக்கா?"

"சரிக்கா."

புரிந்தது என்னவோ உண்மைதான். வீட்டுக்குப் போய்ப் புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து யோசித்தார்கள். ஓய்வாக உட்கார்கிற நேரம் எது? காலையில் எழுந்தால் அடுப்பு, மகளைக் கிளப்புவது, தண்ணீர். சலவைக்கூடத்தில் உட்கார நாற்காலியே கிடையாது. திரும்பி வந்தால் மறுபடி அடுப்பு, பாத்திரம், மகளின் வீட்டுப்பாடம். அப்புறம் படுக்கை. படுத்த மறு நிமிஷம் தூக்கம். உட்கார்கிற நேரம் என்று ஒன்று வேண்டுமே!

"வேன்ல உட்கார்றியே," என்றான் கணவன்.

உண்மைதான். சாயங்காலம் சலவைக்கூடத்து வாசலில் அவளை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவான். அந்த ஒரு நேரம்தான் அவள் கால் தரையை விட்டு மேலே இருக்கும். அவன் கண்ணும் கருத்துமாக ஒரு கைக்குட்டையை மடித்து, எண்ணெய் விட்டு, காற்று வருகிற துவாரத்துக்குப் பக்கத்தில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டினான். துணி காய்ந்தால் மறுபடி விட்டான். ஒரு சொட்டு போதாதோ என்று சில நாள் கூடுதலாகவும் விட்டான்.

வேன் எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். டீசல் நாற்றம் அதோடு கூடப்பிறந்தது. பின்னால் அட்டைப்பெட்டிகள், ரப்பர், பூச்சிமருந்து, எது ஏறுகிறதோ அதன் மணம். வழியில் மிச்சமிருக்கும் பார்சல்களைக் கொடுத்துக்கொண்டே வருவான். தெருத்தெருவாகத் திரும்பி, நின்று, கிளம்பி, பள்ளத்தில் இறங்கி ஏறி வரும்போது மாசமாக இருக்கிறவளின் குடல் வாய்க்கு வந்துவிடும். மடியில் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்துக்கொண்டு, சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொள்வாள். மூக்குக்கு நேரே லாவெண்டர் ஆடிக்கொண்டிருக்கும்.

"நல்லாருக்கா?" என்பான் அவன், சாலையைப் பார்த்தபடி.

"ம்."

அவன் அவ்வளவு ஆசையாகக் கட்டியதை எடுக்கச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இத்தனைக்கும் அவன் கோபப்படுகிறவன் இல்லை. கோபப்படுகிறவனாக இருந்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பாள்.

அடுத்த முறை பிரசவ நிலையத்துக்குப் போனபோது, "ஒரு நாள்கூடத் தவறலை சிஸ்டர்," என்று அவனே பெருமையாகச் சொன்னான். நர்ஸ் சந்தோஷமாகத் தலையாட்டினார். எங்கே உட்கார்ந்து என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை.

வலி வந்தது ஒரு வேலைநாளில், காலை நேரத்தில். கையிலிருந்த விரிப்பைத் தேய்த்து மடித்து வைத்துவிட்டுத்தான் பக்கத்து மேசைப் பெண்ணிடம் சொன்னாள். கணவன் வேனோடு வந்தான். வழியில் அவனுடைய அக்காவையும் ஏற்றிக்கொண்டார்கள். சரிக்கா அண்ணி என்று கூப்பிடும் அவளுக்குப் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை. நாளெல்லாம் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கத்திக் கத்தி, கேட்பவர் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தாலும் நடுவில் கண்ணாடி இருப்பதுபோலவே பேசுவாள்.

"டேய், பள்ளம் பாத்து ஓட்டுடா! உள்ள உக்காந்திருக்கிறது பார்சல் இல்லை!"

"நீ கொஞ்சம் மெதுவாப் பேசு, உள்ள இருக்கிறது பயந்து திரும்பிப் போயிடப் போகுது."

பிரசவ நிலையத்து வாசலில் இறங்கியதும் சரிக்கா வாந்தி எடுத்தாள். இது எல்லாருக்கும் வருவதுதான் என்று நர்ஸ் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

அறையை முன்கூட்டியே தயார் செய்து வைத்திருந்தார்கள். மஞ்சள் திரை, சுத்தமான கட்டில், சுவர் ஓரமாகப் பந்து. சன்னல் சாத்தியிருந்தது, எதிரில் டயர் பஞ்சர் ஒட்டுகிற கடை, சத்தம் வரக்கூடாதே என்று. தலையணைக்குப் பக்கத்தில் லாவெண்டர் விட்ட பஞ்சு. மேசைமேல் ஒரு கிண்ணம் வெந்நீர், அதிலும் லாவெண்டர். நல்ல மனசோடு பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார் நர்ஸ். உள்ளே கால் வைத்ததுமே சரிக்காவுக்கு அறை லேசாகக் குலுங்குவது போலிருந்தது.

வலி வந்து வந்து போனது. வலியைக்கூடத் தாங்கிக்கொண்டாள். இரண்டு வலிகளுக்கு நடுவில் கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் தவித்தாள். மற்றவர்கள் மூச்சு விடுகிற நேரத்தில் இவளுக்குத் தரை ஆடியது, குடல் புரண்டது. கட்டில் எங்கோ திரும்பி, நின்று, கிளம்புவது போலிருந்தது. நெற்றியில் வேர்வை கொட்டியது. நர்ஸ் கையில் பட்டை சுற்றிப் பிரஷர் பார்த்தார். ஏறியிருந்தது.

"பயமா இருக்கா?"

"இல்லைக்கா."

"என்ன பண்ணுது, சொல்லுங்க."

"ஒண்ணுமில்லைக்கா."

பயந்திருக்கிறாள் என்று நர்ஸ் முடிவுகட்டினார். அதனால் பஞ்சில் இன்னும் இரண்டு சொட்டு விட்டார். நல்லெண்ணெயில் அதே வாசனையைக் கலந்து கொண்டுவந்து, தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, அவள் பாதங்களை மடியில் வைத்து நீவத் தொடங்கினார். கை என்னவோ இதமாகத்தான் இருந்தது. ஆனால் வாசனை இப்போது காலிலிருந்தும் ஏறி வந்தது.

இந்த இடத்தில் அவள் சொல்லியிருக்கலாம். பலமுறை நாக்கு நுனி வரை வந்ததாம். ஆனால் தரையில் முட்டி போட்டுக்கொண்டு, தன் காலைப் பிடித்துவிடுகிற ஒரு பெண்ணிடம், 'நீ செய்வது எனக்குக் குமட்டுகிறது' என்று எப்படிச் சொல்வது? படித்தவர், சம்பளத்துக்கு மேலே பாடுபடுகிறவர். அவர் முகம் சுருங்கிப்போகாதா?

"எங்க காலத்துல காலைப் பிடிச்சுவிட ஆள் ஏது!" என்றாள் அண்ணி, கண்ணாடிக்கு அப்பால் கேட்கிற குரலில். "நான் பெத்தப்போ பக்கத்துக் கட்டில்காரி என் முடியைப் பிடிச்சு இழுத்துட்டிருந்தா. குடுத்து வெச்சவடி நீ."

அதைக் கேட்ட பிறகு சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

நர்ஸ் மறுபடி பிரஷர் பார்த்தார். இன்னும் ஏறியிருந்தது. முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு எழுந்து, அண்ணியைக் கதவு பக்கம் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார். ஆனால் அண்ணி இருக்குமிடத்தில் எது தாழ்ந்த குரலில் நிற்கும்?

"என்னது, பெரிய ஆஸ்பத்திரியா?"

"இன்னொரு தடவை பாக்கிறேன்மா. அப்பவும் இறங்கலைன்னா டாக்டருக்குப் போன் பண்ணிட்டு அனுப்பிடுறதுதான் நல்லது. இதுல விளையாட முடியாது."

சரிக்கா எல்லாவற்றையும் கேட்டாள். அந்தத் தாழ்வாரம் கண் முன்னால் வந்தது. கட்டிலோடு தள்ளிக்கொண்டு போவார்கள். போவதும் எதில்? வேனில்.

நர்ஸ் திரும்பி வந்து, பாவம், கடைசியாக ஒரு முயற்சி என்று புதுப் பஞ்சு ஒன்றை நனைத்து அவள் மூக்கருகே நீட்டினார். "நிதானமா மூச்சு இழுங்க. ஓய்வு நேரம்னு நினைச்சுக்குங்க."

சரிக்கா பஞ்சைப் பிடுங்கி எறிந்தாள். அது பறந்து போய் அண்ணியின் தோளில் உட்கார்ந்தது.

"எடுத்துட்டுப் போங்க இதை! எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க! நாத்தம்! வேன் நாத்தம்! எனக்கு வேண்டாம், வேண்டாம், வேண்டாம்!"

அண்ணிதான் முதலில் பேசினாள்.

"அடிப்பாவி, உனக்கு வாய் இருக்கா?"

நர்ஸ் நீட்டிய கையை இறக்கினார். "வேனா? லாவெண்டர் எப்படிங்க வேன் நாத்தம் ஆகும்?"

அடுத்த வலி வந்து போன பிறகு, மூச்சு வாங்க வாங்கச் சரிக்கா சொன்னாள். உட்கார்கிற நேரம் வேறு கிடையாது, வேனில்தான் உட்கார்வது, அங்கேதான் தினமும் துணியைக் கட்டியது, தினமும் குமட்டியது. சொல்லி முடித்ததும் அழுதாள். அழுதுகொண்டே, "தப்பா நினைச்சுக்காதீங்கக்கா," என்றாள்.

நர்ஸின் முகம் ஒரு கணம் சிவந்தது. அடுத்த கணம் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "நான் பழக்கச் சொன்னதென்னவோ சரியாத்தான் பழகியிருக்கு. ஐயோ, ரெண்டு மாசமா உடம்புக்கு வாந்தியைப் பழக்கிக் குடுத்திருக்கேன்!" சொல்லும்போதே கை வேலையில் இறங்கிவிட்டது. கிண்ணத்துத் தண்ணீர் வெளியே போனது. தலையணை உறை மாறியது. சோப்புத் தண்ணீரில் துணி நனைத்துப் பாதங்களை அழுந்தத் துடைத்தார். சன்னலை விரியத் திறந்தார். டயர் கடைச் சத்தமும் தெருக் காற்றும் சேர்ந்து உள்ளே வந்தன.

கணவன் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடிவந்தான். "என்னக்கா ஆச்சு?"

"ஆவறதுக்கு என்ன இருக்கு? உன் வேனைத் தூக்கி என் தோள் மேல எறிஞ்சா. அந்தத் துணியை முதல்ல போய் அவுத்துப் போடு, மடையா."

அவன் கதவிடுக்கில் மனைவியைப் பார்த்தான். "ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"இப்பதான் சொன்னேனே," என்றாள் அவள். அண்ணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து நர்ஸ் மரப்பெட்டியைத் திறந்து அவள் முன்னால் வைத்தார். "எதுவுமே வேண்டாம்னாலும் சரி. வேணும்னா நீங்களே பாருங்க. இந்தத் தடவை நான் வாயே திறக்க மாட்டேன்."

சரிக்கா ஒவ்வொரு மூடியாக முகர்ந்தாள். ஒன்று டாக்டர் அறை மாதிரி இருக்கிறது, வேண்டாம். இன்னொன்று யாரோ பணக்காரர் வீட்டுக் குளியலறை, வேண்டாம். புதினா மூக்கில் ஊசி குத்துகிறது, வேண்டாம். 'வேண்டாம்' என்று சொல்வது மூன்றாவது தடவை கொஞ்சம் ருசிக்கவே ஆரம்பித்துவிட்டது.

"ஜவுளிக்கடையில சேலை பாக்கிற மாதிரியில்ல பாக்கிறா!" என்றாள் அண்ணி.

கடைசியில் ஆரஞ்சு எண்ணெயில் நின்றாள். "இது இருக்கட்டும். ஆனா கிட்ட வேண்டாம். அங்க, சன்னல் கட்டை மேல வைங்க."

"அவ்ளோ தூரத்துலயா? வாசனை வராதேடி," என்றாள் அண்ணி.

"காத்து அடிச்சா வரும். அது போதும்."

நர்ஸ் வாக்குக் கொடுத்தபடி வாயை மூடிக்கொண்டு பஞ்சைச் சன்னல் கட்டையில் வைத்தார். காற்று வந்தபோது லேசாக ஆரஞ்சு மணம் வந்தது. காற்று நின்றபோது அதுவும் நின்றது. அடுத்த வலிக்குப் பிறகு முதல் முறையாகச் சரிக்கா கண்ணை மூடித் தோளைத் தளர்த்தினாள். தரை ஆடவில்லை.

பிரஷர் பார்த்தபோது இறங்கத் தொடங்கியிருந்தது. எண்ணெயாலா, குமட்டல் நின்றதாலா, காற்றோட்டத்தாலா, அவள் போட்ட கூச்சலாலா என்று நர்ஸுக்கே சொல்லத் தெரியவில்லை. பிறகு கேட்டவர்களிடமும் தெரியாது என்றுதான் சொன்னார். டாக்டருக்குப் போன் பண்ணி நிலைமையைச் சொன்னார். பார்த்துக்கொண்டே இருங்கள், நானும் வருகிறேன் என்றார் டாக்டர்.

அதன்பின் அந்த அறையில் சரிக்காவின் ராஜ்ஜியம்தான். பஞ்சைக் கிட்டே கொண்டுவரச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் தள்ளி வைக்கச் சொன்னாள். முதுகை நீவச் சொன்னாள், மேலே இல்லை, கீழே, இன்னும் கீழே. படுக்க மாட்டேன், நிற்கிறேன் என்றாள். அண்ணியைப் பேசாமல் இருக்கச் சொன்னாள். அண்ணி திறந்த வாயை மூடினாள்.

வலி குறைந்ததா? இல்லை. கடைசி நேரத்தில் அவள் போட்ட சத்தத்தில் டயர் கடைக்காரர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாராம். எந்த எண்ணெயும் அதை மாற்றவில்லை. ஆனால் அது அவள் போட்ட சத்தம். எப்போது தள்ள வேண்டும், எப்போது மூச்சைப் பிடிக்காமல் விட வேண்டும் என்று நர்ஸ் சொல்ல, அவள் பதில் பேசிக்கொண்டே செய்தாள். கட்டில் சட்டத்தைப் பிடித்து, அண்ணியின் கழுத்தைப் பிடித்து, கடைசியில் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, மத்தியான வெயில் திரையில் விழுந்துகொண்டிருந்தபோது ஒரு பையனைப் பெற்றாள். டாக்டர் வந்து சேர்ந்தபோது குழந்தை அம்மாவின் மார்மேல் கிடந்தது. அவர் இருவரையும் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி, அண்ணியின் கழுத்துக்கு மட்டும் தைலம் எழுதிக் கொடுத்தார்.

"வாசனையில்லாத தைலமாக் குடுங்க டாக்டர்," என்றாள் அண்ணி. "இவ மறுபடி எறிவா."

குழந்தை பிறந்ததும் உலகமே தலைகீழாக மாறிவிடவில்லை. சலவைக்கூடத்துக்கு அவள் திரும்பிப் போனாள். இப்போதும் பெரும்பாலும் தலையாட்டத்தான் செய்கிறாள். ஆனால் எதற்காவது ஒன்றுக்கு முடியாது என்று தோன்றினால், தேய்ப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்து, முடியாது என்று சொல்லிவிட்டு மறுபடி தேய்க்கிறாள். முதல் தடவை மேற்பார்வைக்காரர் வேறு யாரோ பேசினார்கள் என்று நினைத்துப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

நர்ஸ் இப்போதும் மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டுதான் நடக்கிறார். குப்பியைக் கொடுக்கும்போது, "எங்க உட்கார்ந்து, எந்த நேரத்துல?" என்று நோண்டி நோண்டிக் கேட்கிறார். வலி வந்த அன்று எதையும் எடுத்து வைப்பதற்கு முன், மூடியைத் திறந்து நீட்டி, "இன்னிக்கு இது பிடிக்குதா? நேத்துப் பிடிச்சது இன்னிக்குப் பிடிக்கணும்னு இல்லை," என்கிறார். சிலர் வேண்டாம் என்கிறார்கள். பெட்டி மூடிக்கொள்கிறது, சன்னல் திறக்கிறது.

இதைப் படித்தவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் அக்காவோ தங்கையோ, மனைவியோ அண்ணியோ, பக்கத்து வீட்டுப் பெண்ணோ பிரசவத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். எண்ணெய் பெயரெல்லாம் மறந்துபோனாலும் பரவாயில்லை. எவ்வளவு அன்பாக நீட்டினாலும், குமட்டினால் குமட்டுகிறது என்று உடனே சொல்லிவிடலாம், நல்ல நர்ஸ் கோபித்துக்கொள்ள மாட்டார் என்பதை மட்டும் விடாமல் சொல்லிவிடுங்கள். கேட்டவர்களை அடுத்தவருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.